புரட்டி வைத்த ஃபிலிம்கள்

ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருட்டு என்றால் போதும். "இருட்டு வந்தாச்சா?" "எனக்கென்ன தெரியும், இருட்டைக் கேளு." சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே ஆள் யாரென்று தெரியாது. பாதி வேலை நேரம் இருட்டறையில் கழிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆளும் கொஞ்சம் அப்படித்தான். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. அந்தப் பெயருக்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்வதென்றாலும் நாலு வார்த்தை பேச வேண்டுமே.

இளவயதில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்கட்டில் ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோவை மூடியதும் அதே கையோடு இந்த வேலைக்கு வந்துவிட்டார். இங்கே கழுவுவதும் ஃபிலிம்தான். ஆனால் அதில் முகம் எதுவும் இருக்காது.

எங்கோ ஒரு மலைக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் ஈயத் தகடு ஒன்று, ஃபிலிம் ஒன்று, மறுபடி ஈயத் தகடு ஒன்று என்று செங்கல் செங்கலாக அடுக்கி வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். ஃபிலிமின் இரண்டு பக்கமும் பூசியிருக்கும் பசைக்குள், போன வழியெல்லாம் பொடிப்பொடியாகத் தடம் விட்டுப் போகும். கழுவினால் அந்தப் பொடிகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தனிப் புள்ளி ஒன்றை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அது வெறும் அழுக்காகவும் இருக்கலாம். ஆழத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால்தான் தடம்.

ஒரு காலத்தில் ஆட்களே வரிசையாக உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்து இதைத் தேடுவார்களாம். இருட்டு சேர்ந்தபோது அதற்கு இயந்திரம் வந்துவிட்டிருந்தது. அலமாரி உயரத்துக்கு ஒரு தானியங்கி மைக்ராஸ்கோப். அதன் லென்ஸ் ஃபிலிமுக்குள் இறங்கி இறங்கி, அடுக்கடுக்காகப் படம் எடுக்கும். ஃபிலிம் பரப்பிய மேடை கொஞ்சம் நகரும். லென்ஸ் மறுபடி இறங்கும். கம்ப்யூட்டர் அந்தப் படங்களை அடுக்கி, எது தடம், எது சும்மா என்று பிரித்துவிடும். அவர் செய்ய வேண்டியது, ஃபிலிமின் மேல் படிந்திருக்கும் கறையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, மேடையில் பரப்பி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பொத்தானை அழுத்துவது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, லென்ஸ் ஏறி இறங்கும் சின்னச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது. அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி, மனைவியின் அம்மா. குழந்தை இல்லை. மாமனார் போனபின் மாமியார் இவர்களோடு வந்து சேர்ந்துகொண்டார். பாதி ஆயுளுக்கு மேல் ஒரு தையல் கடையில் காஜா எடுத்தவர், பொத்தான் துளைகளுக்கு நூல் கட்டுகிற வேலை. குனிந்து குனிந்து கழுத்து நிரந்தரமாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவரும் பேசுகிற ஆள் இல்லை.

மனைவிதான் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி போட்டுப் பார்க்கிறவரிடம், "உங்க முகத்துக்கு இது எடுப்பா இருக்கு, அது வேணாம், வாத்தியார் மாதிரி காட்டும்" என்று பேசிப் பேசியே விற்றுவிடுவாள். கடையில் பேசி முடியாததை வீட்டுக்குக் கொண்டுவருவாள். "அம்மா, அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமாம், போடு." "ஏங்க, அம்மாவுக்கு மாத்திரை தீந்துடுச்சாம், வரும்போது வாங்கிட்டு வாங்க." மாப்பிள்ளையும் மாமியாரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இவள் வழியாகவே பேசிக்கொண்டார்கள். அவர்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை. நேராகப் பேச வேண்டிய அவசியம் வந்ததே இல்லை, அவ்வளவுதான்.

அவள் இறந்த அன்று அவர் இருட்டறையில் இருந்தார்.

ஒரு கட்டு ஃபிலிம் கரைசலில் மிதந்துகொண்டிருந்தது. மங்கலான சிவப்பு விளக்கைத் தவிர வெளிச்சம் கிடையாது. கதவைத் தட்டினார்கள்.

"இருட்டு, உங்களுக்கு போன். அவசரமாம்."

"இப்போ திறக்க முடியாது. எல்லாம் பாழாயிடும்."

"உங்க வீட்டம்மா கடையிலேர்ந்து பேசறாங்க."

"அரை மணி ஆகும்னு சொல்லுங்க."

வெளியே கொஞ்ச நேரம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு காலடி விலகிப் போனது. அவர் ஃபிலிமை அடுத்த தொட்டிக்கு மாற்றினார். அலசினார். வெளிச்சம் பட்டாலும் பாதகமில்லை என்கிற கட்டம் வந்ததும் கதவைத் திறந்தார். எதிர்ச் சுவரோடு ஒட்டி, ஆய்வகத் தலைவி டாக்டரம்மா நின்றிருந்தார். துகள்களைப் பற்றிய ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த டாக்டர் பட்டம் அது, ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

வாடிக்கையாளர் ஒருவருக்குக் கைக்கண்ணாடியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்திருக்கிறாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். கடையிலிருந்து போன் செய்யும்போதே உயிர் இல்லை. உடனே கதவைத் திறந்து ஓடியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், மச்சினன் சொன்னான். அவர் எல்லாரிடமும் "சரி" என்றார்.

நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். அவர் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடக்குவதற்கு உள்ளே எதுவும் இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, உடம்பு முழுக்க அந்த மாதிரி இருந்தது. மாமியாரும் ஒரு நாள் அழுதுவிட்டு நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் சாய்ந்த கழுத்தோடு சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. முற்றாக நின்றது என்றும் சொல்ல முடியாது. பழைய வழியிலேயே போனது, நடுவில் ஆள்தான் இல்லை. மாமியார் ஃபிரிட்ஜைப் பார்த்து, "பால் தீந்துடுச்சு, வாங்கணும்" என்பார். மறுநாள் பால் வந்துவிடும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே கதவிடம், "இன்னைக்கு வர நேரமாகும்" என்பார். அன்று சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருக்கும். அடுப்பும் அலமாரியும் சுவர்க் கடிகாரமும் இரண்டு பேருக்கும் நடுவே தூது போயின. குறுக்குக் கேள்வி கேட்காத நல்ல தூதர்கள்.

வேலைக்கு அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். துடைத்தார், பரப்பினார், எண்ணெய் விட்டார், பொத்தானை அழுத்தினார். லென்ஸ் ஏறி இறங்கியது. திரையில் புள்ளிகள் வந்து போயின. ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தார். பொழுது போனது.

சில வாரம் கழித்து, கம்ப்யூட்டர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் தலையைப் பிய்த்துக்கொண்டு திரிய ஆரம்பித்தார். நடு வயதுக்காரர், எதற்கெடுத்தாலும் ஜோக் அடிப்பவர். அந்த வாரம் ஜோக்கே இல்லை. ஒரு கட்டிலிருந்து வந்த ஃபிலிம்களில் தடங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. மேல் ஃபிலிமில் வலப்பக்கம் சாய்ந்து போகும் தடம், அடுத்ததில் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. முதலில் தான் எழுதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து வரி வரியாகத் தேடினார். லென்ஸைக் கழற்றிப் பார்த்தார். மேடையின் மட்டம் பார்த்தார். கடைசியில் சும்மா ஒரு ஃபிலிமின் மூலையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அங்கே அச்சடித்திருந்த எண் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பித் தெரிந்தது.

டாக்டரம்மாவையும் கூட்டிக்கொண்டு இயந்திர அறைக்கு வந்தார்.

"இருட்டு, கோவிச்சுக்காதீங்க. இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

அவர் திரையைப் பார்த்தார். "எண்ணு திரும்பி இருக்கு."

"அதான்."

"அப்போ நான் ஃபிலிமைப் புரட்டி வெச்சிருக்கேன்."

"ஒண்ணு ரெண்டு இல்ல. இந்தக் கட்டு முழுக்க."

"சரி," என்றார் அவர்.

இவ்வளவுதானா என்பது போல கம்ப்யூட்டர்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா, ஃபிலிம்கள் வந்த டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பினார். மேலே, எந்தத் தேதியில் கழுவியது என்று இருட்டின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அந்தத் தேதி அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரிந்த தேதி. கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவர் டாக்டரம்மாதானே. டப்பாவை மெல்லக் கீழே வைத்தார்.

"கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கறீங்களா?"

"வேணாம் டாக்டரம்மா."

"வீட்ல இருந்தா..."

"வீட்ல இருந்து என்ன பண்ண? இதைத் திரும்ப ஓட்டறேன். ஃபிலிமுக்கு ஒண்ணும் ஆகல. நேரம்தான் வீணாச்சு."

யாராவது சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. ஒருவரும் போடவில்லை. கம்ப்யூட்டர்காரர் வெளியே போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார். கை பட்ட இடம் அவருக்கு உறைக்கக்கூட இல்லை. அன்று சாயங்காலமே முதல் ஃபிலிமை எடுத்து, மூலையில் இருந்த எண்ணைப் பார்த்து, மறுபடி பார்த்து, மேடையில் வைத்தார்.

வீட்டுக்குப் போனபோது மாமியார் மேஜையில் தட்டை வைத்துவிட்டு வழக்கம்போல விலகப் பார்த்தார். அவர் உட்கார்ந்தார். என்றைக்கும் வேலையில் நடந்ததைப் பெரிதாகச் சொல்கிறவர் இல்லை. மனைவிதான் வாயைக் கிளறி வாங்குவாள். இன்று கிளற ஆளில்லாமலே வாய் திறந்துகொண்டது. அதுவும் ஃபிரிட்ஜிடம் இல்லை.

"அத்தை, இன்னைக்கு வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சு."

மாமியார் நின்றார். தன்னிடம்தான் பேசுகிறாரா என்று ஒரு கணம் சந்தேகம் அவருக்கு.

"என்ன தப்பு, மாப்பிள்ளை?"

"ஃபிலிமையெல்லாம் புரட்டி வெச்சு ஓட்டிட்டேன். ஒரு கட்டு முழுக்க. எல்லாம் இடம் வலம் மாறிப் பதிவாயிடுச்சு."

மாமியார் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். கொஞ்சம் யோசித்தார். "துணியோட உள்பக்கத்தை வெளிய வெச்சுத் தைக்கிற மாதிரியா?"

"ஆமா. அதே மாதிரிதான்."

"பிரிச்சுத் தைக்கலாமா, துணியே போச்சா?"

"திரும்ப ஓட்டிக்கலாம். ஃபிலிம் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ சரி. எங்க கடையில ஒருத்தர் ஸ்கூல் யூனிஃபார்ம் மொத்தத்தையும் அப்படித் தெச்சுட்டார். முதலாளி ஆடின ஆட்டம் இருக்கே! அப்புறம் அவரே பக்கத்துல உக்காந்து பிரிச்சார்." தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க, ஆறுது" என்றார்.

அவர் சாப்பிட்டார். மாமியார் எழுந்து போகவில்லை. சாப்பாட்டில் உப்பே இல்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மறுநாள் மிச்சத்தைச் சூடு பண்ணும்போதுதான் மாமியாருக்குத் தெரிந்தது.

அந்தக் கட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்த சமயத்தில் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, வேறு ஊரில் லாரி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். அம்மாவை அழைத்துப் போக வந்திருந்தான். அதில் தப்பே இல்லை. மகள் இருந்தவரைக்கும் மகள் வீடு. மகள் போனபின் மருமகன் வீட்டில் மாமியார் எந்த முறையில் இருப்பது? நாலு பேர் கேட்பார்கள் என்றான். அந்த நாலு பேர் யார் என்று அவன் சொல்லவில்லை.

"அத்தான், நீங்க என்ன சொல்றீங்க?"

"அவங்க இஷ்டம்," என்றார் அவர்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சமையலறை வாசலில் நின்ற மாமியாரின் முகம் சின்னதாகிப்போனது. இரு என்று சொல்ல மனமில்லாமல் நாசூக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து புடவைகளை மடிக்க ஆரம்பித்தார். மச்சினன் பேருந்துக்கு டிக்கெட் எடுக்கக் கீழே இறங்கிப் போனான்.

இருட்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் துணி வைக்கிற சத்தம் கேட்டது. அது நிற்கும், மறுபடி கேட்கும். பிறகு மாமியார் வெளியே வந்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"எனக்குப் போக மனசில்ல. அவன் நல்லவன்தான், மருமகளும் தங்கமானவ. ஆனா அங்க எல்லாரும் என்னைப் பார்த்ததும் அழுவாங்க. நானும் அழணும்னு எதிர்பார்ப்பாங்க. எனக்கு வரல." கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் இங்க இருக்கறது உங்களுக்கு இடைஞ்சல்னா நேரா சொல்லிடுங்க. தப்பா நினைக்க மாட்டேன்."

பதில் சொல்வதற்காக அவர் தனக்குள் தேடிப் பார்த்தார். இடைஞ்சல் என்று எதுவும் தட்டுப்படவில்லை. ஆசை என்றும் தட்டுப்படவில்லை. பொய் சொல்லவும் தெம்பில்லை.

"தெரியல அத்தை. எனக்கு இப்போ எதுவுமே தெரியல. சந்தோஷமா, துக்கமா, பசிக்குதா, ஒண்ணும் தெரியல."

"எனக்கும்தான்."

"அப்போ இருங்க."

"சரி," என்றார் மாமியார். உள்ளே போய்ப் புடவைகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

இரண்டு டிக்கெட்டோடு வந்த மச்சினனுக்கு விஷயம் விளங்கவே இல்லை. யார் யாரை மனம் மாற்றினார்கள் என்று கேட்டான். யாரும் மாற்றவில்லை என்றார்கள். கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பொருத்தமான ஆளுங்கதான்" என்று எரிச்சலும் நிம்மதியுமாகச் சொல்லிவிட்டு, ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடினான்.

ஆய்வகத்தில் புரண்ட கட்டு முழுவதும் சரியான பக்கத்தில் ஓடி முடிந்தது. தடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. தேடிய அபூர்வத் துகள் எதுவும் அதில் இல்லை. பெரும்பாலான கட்டுகளில் இருக்காது. கம்ப்யூட்டர்காரருக்கு ஜோக் திரும்பி வந்துவிட்டது. "இருட்டு, இனிமே மூலையில எண்ணுக்குப் பதிலா என் போட்டோவை அச்சடிச்சிடறேன். வகிடு மாறி இருந்தா சிரிப்பு வரும், கண்டுபிடிச்சிடலாம்." இருட்டு கொஞ்சம் உதட்டை அசைத்தார். இனி தவறு நடக்காமலிருக்க, திரும்பி இருந்தால் இயந்திரமே நின்றுவிடுகிற மாதிரி ஒரு சோதனையை நிரலில் சேர்த்தார்கள். அதற்கப்புறம் ஒருமுறைகூட அது நிற்க வேண்டி வரவில்லை.

வருடத்தில் ஒரு நாள் ஊழியர்களின் குடும்பத்தை ஆய்வகத்துக்குள் விடுவார்கள். அந்த வருடம் அவர் மாமியாரை அழைத்துப் போனார். டாக்டரம்மா தானே வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இருட்டு ஒரு ஃபிலிமை மேடையில் வைத்து இயக்கினார். திரையில் சாம்பல் நிறத்தில் புள்ளிகள் தோன்றின. லென்ஸ் இறங்க இறங்கச் சில மறைந்தன, புதிதாகச் சில முளைத்தன.

"பொத்தான் டப்பாவைக் கொட்டின மாதிரி இருக்கு," என்றார் மாமியார். "இதுல எது நீங்க தேடறது?"

"நான் தேட மாட்டேன் அத்தை. மெஷின்தான் தேடும்."

"அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வெச்சு எடுப்பேன்."

மாமியார் தலையாட்டினார். அவருக்கு அது முழுப் பதிலாகவே பட்டது. நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற குடும்பங்கள் சீக்கிரம் அலுத்துப்போய் கேன்டீன் பக்கம் நகர்ந்தபின்னும் அவர் எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் மாமியார், பக்கத்தில் அவர். நல்ல வெயில். யாரோ பின்னால் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவ இதை வந்து பாத்திருக்காளா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்ல."

"கேக்கலியா?"

"கேட்டா. ஒவ்வொரு வருஷமும் கேட்டா. அங்க என்ன இருக்கு, வெறும் புள்ளிதான்னு சொல்லிட்டேன்."

மாமியார் வெளியே பார்த்தார். ஒரு நிறுத்தம் போனது. "என்கிட்ட, ரெண்டு பேரும் எங்கயாவது போய் நாலு நாள் இருந்துட்டு வரலாம்னு கேட்டுட்டே இருந்தா. முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தேன்."

"வலிச்சுதா?"

"வலிச்சுது. ஆனா போக முடியாத அளவுக்கு இல்ல."

இறங்க வேண்டிய இடம் வந்தது. அவர் முதலில் இறங்கி, திரும்பிக் கையை நீட்டினார். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது என்பது இருட்டுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. கடையில் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

இருட்டு இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். இயந்திரத்துக்குப் புது லென்ஸ் வந்திருக்கிறது, முன்பைவிட வேகம். அவர் அப்புறமாவது அழுதாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. அழுததாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது வேறு. சமீபமாக அந்த வீட்டிலிருந்து அவ்வப்போது சண்டைச் சத்தம் கேட்கிறதாம். ஃபேனை எவ்வளவு வேகத்தில் வைப்பது என்பதில் மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் ஒத்துவரவில்லை. குளிருது என்கிறார் ஒருவர், புழுங்குது என்கிறார் இன்னொருவர். போன வாரம் அரை மணி நேரம் நடந்ததாம், இரண்டு பேரும் மாறி மாறி, நேருக்கு நேர்.